முதல் தரக் காதுக்கவசம்

மனித நாகரிகம் முதலில் காது வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. கண்ணும் வாயும் அதற்கு அப்புறம்தான். பாலாறு தோல் ஏற்றுமதியாளர் நல்லுறவு மன்றத்தின் 1981ஆம் வருஷத்து அறிக்கை இப்படித்தான் தொடங்குகிறது. ஆம்பூருக்கு அந்த நாகரிகம் உப்புத்தோல் ஏற்றும் லாரியில் வந்து சேர்ந்தது. பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஓர் ஆம்ப்ளிஃபையர், கூரையில் தொங்கிச் சுழல ஒரு கண்ணாடி உருண்டை. பெட்டிகளை மூன்று நாள் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். வாடை போகவில்லை. நான்காம் நாள் அப்படியே உள்ளே தூக்கிவைத்து, வாசலில் 'டிஸ்கோ ஹால்' என்று பலகை மாட்டினார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின வருஷம் தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர் ஒருவர் மன்றத்தின் விருந்தினர் அறையில் தங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்த ஊரில் என்ன செய்வது என்று கேட்டார். கேரம் போர்டைக் காட்டினார்கள். மறுநாள் அவர் மெட்ராஸ் போய், அங்கிருந்து கான்பூர் போய், ஆர்டரை அங்கேயே கொடுத்துவிட்டார். 'உங்கள் தோலில் புள்ளி இருக்கிறது' என்று அவர் எழுதிய கடிதத்தைச் செயற்குழு இரண்டு தடவை படித்துப் பார்த்தது. குறை தோலில் இல்லை, நடன வசதி இல்லாததில்தான் என்ற முடிவுக்கு வந்தது.

ஹாலுக்கு விதிகள் எழுதினார்கள். தினமும் மாலை ஆறு முதல் பத்து வரை பாட்டு ஓட வேண்டும். வெளிநாட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். திடீரென்று ஒருவர் வந்து, ஹால் அமைதியாக இருப்பதைப் பார்த்துவிட்டால் மன்றத்தின் மானம் என்ன ஆவது? ஆம்ப்ளிஃபையரின் திருகில் ஒன்று முதல் பத்து வரை எண்கள் இருந்தன. எதில் வைப்பது என்று கேள்வி வந்தபோது தலைவர் சுந்தரமூர்த்தி எழுந்தார்.

"பத்து வரைக்கும் சேத்துத்தான் கஸ்டம்ஸ் கட்டியிருக்கோம். கட்டிட்டு நாலுல வைக்கிறதா? அது தேசத்துக்கு நஷ்டம்."

செயலாளர் ரஃபி அகமது சாதுவான மனிதர். ஆறில் வைக்கலாமே என்றார். சமரசமாக எட்டு என்று தீர்மானம் ஆனது.

அன்றிலிருந்து உறுப்பினர்கள் சஃபாரி சூட் போட்டுக்கொண்டு வந்து, சுவரோரம் சோபாக்களில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலைக்குமேல் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் ஓடியது. யாரும் ஆடவில்லை. வெளிநாட்டார் வந்து ஆரம்பித்தால் கூட ஆடலாம் என்று காத்திருந்தார்கள். வெளிநாட்டார் வரவில்லை. கோல்டு ஸ்பாட் குடித்துவிட்டு, துக்கம் விசாரித்துவிட்டு எழுந்துபோகிறவர்களைப் போல ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இந்த ஹாலுக்கும் டெலிபோன் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் பெட்டி. இந்தப் பக்கம் ஜெயபுஷ்பம்.

ஜெயபுஷ்பத்துக்கு முப்பத்தேழு வயது. பதினாறு வருஷமாக டெலிபோன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவள். வேறு வேலை தெரியாது. மன்றத்துக்குப் பத்து லைன். உறுப்பினர்களுக்கு மெட்ராஸ், கான்பூர், ஹாம்பர்க் என்று டிரங்க் கால் புக் பண்ணி, வாணியம்பாடி எக்ஸ்சேஞ்ச் வழியாக வாங்கிக்கொடுப்பாள். பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை டியூட்டி. வலது காதில் ஹெட்போன் இருக்கும். இடது காது சும்மா இருக்கும். சும்மா இருந்த அந்தக் காதுதான் நாகரிகம் வரும் வழியில் இருந்தது.

எக்ஸ்சேஞ்சில் மாலை டியூட்டி வஜீதாவுக்கு. நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பத்து வருஷப் பழக்கம்.

"அக்கா, உங்க பக்கத்துல இன்னா, டெய்லி கல்யாணமா?"

"கல்யாணம் இல்லடி, டிஸ்கோ."

"ஆடுறாங்களா?"

ஜெயபுஷ்பம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "கட்லெட் சாப்புடறாங்க."

"பாட்டு ஜாஸ்தியா கீது. கம்மி பண்ணச் சொல்லுக்கா. நான் கத்துறதே எனக்குக் கேக்கல."

கம்மி பண்ணச் சொல்லி ஜெயபுஷ்பம் மோசஸிடம் போனாள். ரிக்கார்டு போடுகிறவன் மோசஸ். அதற்கு முன்பு இருபது வருஷம் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் கட்டியவன். அவனிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அவன் முகம் மலர்ந்து, "பிடிச்சிருக்கா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு ஒன்பதில் வைத்தான்.

ஆறேழு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது, ஜெயபுஷ்பம் அடுக்களையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அக்கா, அந்த ஸ்டவ்வ கொஞ்சம் அணையேன். உய்யுன்னு தலைக்குள்ள போவுது."

அக்கா ரோஸ் கரண்டியோடு வெளியே வந்தாள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். "இன்னாடி சொல்ற? மண்ணெண்ணெய் தீந்து ரெண்டு நாளாச்சு. விறகுல காபி போட்டுக்கினு கண்ணு எரிஞ்சி நிக்கிறேன்."

ஜெயபுஷ்பம் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமீபத்தில் அவள் எல்லார் வாயையும் அப்படித்தான் பார்க்கிறாள் என்பது ரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை லீவு போடவைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு விரல் நிதானமாக எழுந்தது. இடது காதுக்கு வந்தபோது விரல் மடியிலேயே கிடந்தது. டாக்டரம்மா ரோஸைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னது உங்க தங்கச்சிக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர். அவளுக்கு இது பதினாறு வருஷ வேலை," என்றாள் ரோஸ். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் நத்தை ஓடு மாதிரி வரைந்து காட்டினாள். "உள்ள சன்னமா மயிர் இருக்கும்மா, புல்லு மாதிரி. ஒரு நாள் மிதிச்சா மறுநாள் நிமிந்துக்கும். டெய்லி நாலு மணி நேரம் மிதிச்சா கருகிப் போயிடும். கருகினது திரும்ப முளைக்காது. மருந்து கிடையாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான்."

காப்பாற்றும் வழிகளைக் கடிதமாக எழுதிக்கொடுத்தாள். சத்தத்தைக் குறைக்க வேண்டும். டெலிபோன் பலகையை இருபது அடி தள்ளி, ஸ்பீக்கர் இல்லாத பக்கம் வைக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை வெளியே போய்க் காதுக்கு ஓய்வு தர வேண்டும். வெறும் பஞ்சு பிரயோஜனமில்லை. இரைச்சலை அடைக்கும் காதுக்கவசம் மெட்ராஸில் கிடைக்கும், அதை வாங்கித் தரலாம். கவசம் எப்படி இருக்கும் என்று தெரிவதற்காக ஒரு கம்பெனி கேட்லாக்கிலிருந்து படத்தையும் கிழித்துச் சேர்த்துவைத்தாள். அந்தப் படம்தான் வினையானது.

செயலாளர் ரஃபி அகமது கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இன்னாம்மா இது, பெரிய பேஜாரா கீது. ரூல் பன்னெண்டு தெரியுமில்ல? ஆபரேட்டருக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்கணும். கேக்கலைன்னா அன்னைக்கே வீட்டுக்கு. இப்ப நான் உன்ன ஒண்ணு கேக்கறேன். உனக்குக் காது போச்சா, போகலையா?"

"போய்க்கினு இருக்கு சார்."

"அப்படி ஃபாரத்துல கட்டம் இல்லம்மா. போச்சுன்னா நீ ஆபரேட்டர் இல்ல. ஆபரேட்டர் இல்லாதவ ஆபரேட்டர் ரூமைப் பத்தி கம்ப்ளெயின்ட் குடுக்க முடியாது. போகலைன்னா கம்ப்ளெயின்ட்டே இல்ல. எதுன்னு நீயே சொல்லு."

ஜெயபுஷ்பம் யோசித்தாள். "போகல சார்."

"அப்பாடா," என்றார் அவர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "ஆனா லெட்டர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கு. சும்மா விட முடியாது. ஒரு உபகுழு போட்டுடறேன்."

"போர்டை மட்டும் அந்தப் பக்கம் மாத்திட்டா போதும் சார். இருபது அடி வயர்தான்."

"வயர் டெலிபோன் டிபார்ட்மென்ட்டுதும்மா. நம்ம கையில இன்னா கீதோ அதத்தான் நாம செய்ய முடியும்."

செவிப் பாதுகாப்பு உபகுழுவில் ஆறு பேர். கூட்டம் மாலை ஏழு மணிக்கு. வேறு பெரிய அறை இல்லாததால் டிஸ்கோ ஹாலிலேயே உட்கார்ந்தார்கள். பாட்டை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். விதிப்படி நிறுத்தக் கூடாது. ஆகவே பாட்டு எட்டில் ஓடிக்கொண்டிருக்க, தலைவர் சுந்தரமூர்த்தி முக்கால் மணி நேரம் பேசினார். ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். சாட்சி சொல்ல ஜெயபுஷ்பத்தைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. 'ஆபரேட்டர் மிகத் திருப்தியாகப் பதிலளித்தார்' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து பார்த்தால் ஒருவர் புது கேரம் காய்கள் வாங்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இன்னொருவர் ஒரு மறைவுக்கு இரங்கல் எழுதியிருந்தார். யாருடைய மறைவு என்பது கடைசிவரை தெரியவில்லை.

கேட்லாக் படம் கைமாறிக் கைமாறி இன்பசேகரனிடம் வந்ததும்தான் கூட்டத்துக்கு உயிர் வந்தது. இன்பசேகரன் தோல் தரம் பிரிக்கிறவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கட்டைவிரலால் தடவி, இது கலவை ஊர் ஆடு, இது திமிரி ஊர் ஆடு என்று சொல்லிவிடுவார் என்பது அந்தப் பக்கம் முழுக்கப் பிரசித்தம். படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். முகம் சிவந்தது.

"ரெக்சின்! ரெக்சினைப் போய் மனுஷன் தலையில மாட்டுறான்!"

இது ஆறு பேருக்கும் கேட்டது. ஆம்பூரில் அந்த வார்த்தை எவ்வளவு இரைச்சலிலும் கேட்கும். மெட்ராஸில் வாங்குவது என்ற பேச்சு அங்கேயே செத்தது. உலகத்துக்கே தோல் அனுப்பும் ஊரில், சொந்த ஆபரேட்டர் தலையில் ரெக்சின் என்கிற போலித்தோலா? கவசத்தை மன்றமே செய்யும். ஒரே வாரத்தில் மாதிரி தயார் ஆனது.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வெளியே ஈரல் நிறத்தில் பளபளக்கும் ஆட்டுத்தோல், உள்ளே வெண்ணெய் போன்ற செம்மறித்தோல், இரட்டைத் தையல். இன்பசேகரன் அதை ஹால் நடுவில் மேசைமேல் வைத்துச் சோதித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். மடித்து விரித்தார், கோடு விழவில்லை. வெள்ளைத் துணியால் தேய்த்தார்; சாயம் ஒட்டவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், உருண்டு ஓடியது. கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். மூக்கில் வைத்து மூச்சை இழுத்தார். "முதல் தரம்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

டெலிபோன் அறைக்குக் கொண்டுபோய் ஜெயபுஷ்பத்துக்கு மாட்டிவிட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், சத்தம் அப்படியே கேக்குது சார்."

"எங்க கேக்குது? தோல்லயா?" இன்பசேகரன் குனிந்து தையலைப் பார்த்தார். "கிழிசல் இல்லையேம்மா."

"இல்ல சார், பாட்டுச் சத்தம்."

"அது தரம் பாக்கறதுல வராது," என்றார் அவர்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வலது காதை மூடினால் ஹெட்போன் எங்கே போவது? இன்பசேகரன் அசரவில்லை. வலது பக்கம் ஒரு பெரிய ஓட்டை போட்டு, ஷூவில் கயிறு கோர்க்கும் துளைக்கு வைப்பதைப் போல ஒரு பித்தளை வளையம் பதித்துக் கொண்டுவந்தார். அதே அளவு ஓட்டை இடது பக்கமும் இருந்தது.

"இந்தப் பக்கம் எதுக்கு சார் ஓட்டை?"

"இன்னாம்மா கேக்கற? ஜோடின்னா ஜோடி. இடது ஒரு மாதிரி வலது ஒரு மாதிரி அனுப்பினா வாங்கற பையர் மூஞ்சில விட்டெறிவான். முப்பது வருஷம் ஷூ பாத்தவன் நான்." பிறகு குரலைத் தணித்து, சமாதானமாகச் சொன்னார்: "தோலும் மூச்சு விடணும் இல்ல?"

வெளியீட்டு விழாவுக்கு ஹாம்பர்க்கிலிருந்து க்ரூகர் என்ற தோல் வியாபாரி வந்திருந்தார். டிஸ்கோ ஹாலுக்குள் கால் வைக்கும் முதல் வெளிநாட்டார். அவர் கௌரவத்துக்காக அன்று மட்டும் திருகைப் பத்தில் வைக்கச் செயற்குழு சிறப்பு அனுமதி கொடுத்திருந்தது. மோசஸ் ஆனந்தத்தில் திருகை ஒரே சுழற்றில் பத்துக்குத் திருப்பினான். கவசத்தை மாட்டிக்கொண்டு ஜெயபுஷ்பம் மேடையில், ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். மேடை அங்கேதான் போட்டிருந்தது.

தலைவர் சுந்தரமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"ஊழியர்கள் சொல்வதை இந்த மன்றம் கேட்பதில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. இந்த அம்மையாரின் கடிதம் வந்த அன்றே ஃபைலில் வைத்தோம். அந்த ஃபைலும் தோல் ஃபைல். பாட்டைக் குறைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். குறைப்பது சுலபம். சுலபமானதைச் செய்ய மன்றம் எதற்கு? பலகையை மாற்றலாமே என்றார்கள். மாற்றியிருந்தால் இந்தக் கவசம் பிறந்திருக்குமா? ஒரு காது போய் ஆயிரம் பேருக்குத் தையல் வேலை கிடைக்கும் என்றால் அந்தக் காது வீணாகப் போகவில்லை. ஆண்டவன் நமக்கெல்லாம் இரண்டு காது கொடுத்திருப்பது இதற்காகத்தான்."

க்ரூகர் இதைக் கேட்கவில்லை. உள்ளே வந்த நிமிஷமே இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அது அவர் நாட்டு மரியாதையாக இருக்கும் என்று முன்வரிசை உறுப்பினர்களும் ஒவ்வொருவராக விரலைக் காதில் விட்டுக்கொண்டார்கள். மேடையில் ஜெயபுஷ்பம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கவசம் மாட்டியவள் விரலையும் விட்டால் கவசத்துக்கு அவமரியாதை என்று செயலாளர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ஐந்தாவது நிமிஷம் க்ரூகர் வெளியே போய்விட்டார். வராந்தாவில் வைத்து அவரிடம் ஒரு ஜோடியைக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டினார். சிரித்தார். எங்கள் ஊர்ப் பனிக்காலத்தில் காது விறைத்துப் போகும், அதற்கு இது நல்ல கதகதப்பு, ஓட்டையை மட்டும் மூடிவிடுங்கள் என்றார். நாலாயிரம் ஜோடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு அன்றைக்கே மெட்ராஸ் போனார்.

'செவிப் பாதுகாப்புத் திட்டம் மகத்தான வெற்றி' என்று அறிக்கை எழுதியாகிவிட்டது. வெற்றிக்கு ஓர் அத்தாட்சி வேண்டுமே. ஜெயபுஷ்பத்தின் காதைச் செயற்குழுவே சோதிப்பது என்று முடிவாயிற்று.

அந்த வாரம் முழுக்க ஜெயபுஷ்பம் தூங்கவில்லை. இடது காது போய்விட்டது. வலது காதிலும் அந்த ஸ்டவ் சத்தம் வந்து உட்கார்ந்துவிட்டது. தேறாவிட்டால் ரூல் பன்னிரண்டு. தேறிவிட்டால் புகார் செத்தது. பலகை அங்கேயேதான் இருக்கும்.

"சோதனையில விழுந்துடு," என்றாள் ரோஸ். "இருக்கிற காதையாவது வச்சுக்கினு வீட்டுல கெட."

"வீட்டுல கெடந்தா யாரு பேச்ச கேக்கறதுக்குக்கா அந்தக் காது?"

சோதனை எளிமையானது. பலகைக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, வெளியிலிருந்து ஒரு லைனில் மணியடித்தார்கள். மணி கேட்டதும் எந்த லைன் என்று சொல்ல வேண்டும். டெலிபோன் பலகையில் மணியடிக்கும்போது அந்த லைனுக்குரிய சின்னத் தகடு ஒன்று கீழே விழும் என்பது செயற்குழுவுக்குத் தெரியாது. தோலாக இருந்தால் தெரிந்திருக்கும். ஜெயபுஷ்பம் தகட்டைப் பார்த்துப் பார்த்து, பத்துக்குப் பத்தும் சொன்னாள். தலைவர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். மன்றத்தின் பெருந்தன்மையாக, அடுத்த நாளிலிருந்து பாட்டு எட்டிலிருந்து ஏழுக்குக் குறைக்கப்படும் என்றும் அறிவித்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

ஏழு யாருக்கும் பிடிக்கவில்லை. சப்பென்று இருக்கிறது, ஹாலில் உயிரே இல்லை என்று வெள்ளிக்கிழமை ஒன்பது உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்தார்கள். சனிக்கிழமை மறுபடி எட்டு. இப்போதுதான் பழையபடி இருக்கிறது என்று எல்லாரும் மோசஸின் கையைக் குலுக்கினார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாலை ரோஸ் வீட்டுச் சாவி வாங்க மன்றத்துக்கு வந்தாள். டெலிபோன் அறைக்கு ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவைத் தள்ளியவள் நின்றுவிட்டாள்.

கண்ணாடி உருண்டை சுழன்றது. சிவப்பும் பச்சையும் சுவரில் ஓடின. சோபாக்களில் பதினாலு பேர் சஃபாரி சூட்டில் உட்கார்ந்து, பக்கத்துக் காதில் வாயை வைத்துக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலால் தாளம் போட்டார். மோசஸ் ரிக்கார்டைத் துடைத்து, முள்ளை வைத்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். தட்டு சுற்றியது. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாட்டு எங்கய்யா?" என்றாள் ரோஸ்.

மோசஸ் அவளைப் பார்த்துப் புன்னகை செய்து, மரியாதையாக ஒன்பதுக்குத் திருப்பினான்.

ரோஸ் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பெருச்சாளி கடித்துத் துண்டாக்கியிருந்தது. இரண்டு துண்டையும் கையில் தூக்கிக் காட்டினாள். ஹாலில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. நின்றதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

எத்தனை நாளாக என்று விசாரித்ததில், வாசலில் நிற்கும் வாட்ச்மேன் தேவசகாயம் தயங்காமல் சொன்னான். "போன வாரம் செவ்வாக்கெழமை ராத்திரியோட நின்னுச்சு சார். இன்னியோட பதினோரு நாளு. நீங்கதான் தீர்மானம் போட்டு நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன். நல்லா தூக்கம் வந்துச்சு."

திங்கட்கிழமை அவசரச் செயற்குழு கூடியது. உறுப்பினர்கள் கவனிக்காததில் தவறில்லை என்று முதலில் தீர்மானம் ஆனது. அவர்கள் தொழில் சம்பந்தமான ஆலோசனையில் ஆழ்ந்திருந்தார்கள். மோசஸ் கவனிக்காததும் தவறில்லை. ரிக்கார்டு போடுவதுதான் அவன் வேலை, போட்டான். ஆனால் ஆபரேட்டர் கேட்பதற்காகவே நியமிக்கப்பட்டவர். பதினோரு நாள் பக்கத்து ஹாலில் பாட்டு இல்லை என்பதை அவர் ஏன் தெரிவிக்கவில்லை? அவருக்குக் காது கேட்கவில்லை என்று ஏன் முடிவுகட்டக் கூடாது? விளக்கம் கேட்டு மெமோ போனது.

பதிலை ரோஸ் சொல்லச் சொல்ல ஜெயபுஷ்பம் எழுதினாள். 'பாட்டு நின்றது எனக்கு முதல் நாளே தெரியும். பாட்டைப் பற்றித் தெரிவிப்பது என் வேலையில் சேர்ந்ததல்ல. என் வேலை டெலிபோன். அதை நான் சரியாகப் பார்த்தேன்.'

ரஃபி அகமது அதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார். "கரெக்டா கீது. ரூல்ல ஓட்டையே இல்ல. ஃபைலை மூடிடலாம் சார்."

"ஒரு சாட்சி வேணும்யா," என்றார் சுந்தரமூர்த்தி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு. "எக்ஸ்சேஞ்சுல கேளுங்க. அந்தப் பதினோரு நாளும் இந்தம்மா ஒழுங்கா வேலை பாத்துச்சான்னு."

வாணியம்பாடிக்கு டெலிபோன் லைனை ஜெயபுஷ்பமே போட்டுக்கொடுத்தாள். ரஃபி அகமது ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். தலைவரிடம் நீட்டினார். தலைவர் இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு இன்பசேகரனிடம் கொடுத்தார். ரிசீவர் மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. கடைசியில் வாசலிலிருந்து தேவசகாயத்தைக் கூப்பிட்டார்கள். மன்றத்தில் டெலிபோன் கேட்கிற காது அவனுக்குத்தான் இருந்தது.

தேவசகாயம் தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, நின்றபடியே கேட்டான். வஜீதா நீளமாகப் பேசினாள். அக்காவுக்கு ஏதோ கஷ்டம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அக்காவைப் போல ஒரு நல்ல மனுஷி கிடையாது, எவ்வளவு மரியாதை, எவ்வளவு பணிவு என்று நல்லது ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரிசீவரை வைத்தான்.

"இன்னாய்யா சொல்லுச்சு?" என்று தலைவர் கத்தினார்.

தேவசகாயம் ஜெயபுஷ்பத்தைப் பார்த்தான். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணிவுக்கு உதாரணமாக வஜீதா சொன்னது இதுதான்: அந்தப் பதினோரு நாளும், ஒவ்வொரு டிரங்க் காலிலும், பக்கத்து ஹாலில் பாட்டுச் சத்தம் ஜாஸ்தி என்று ஜெயபுஷ்பம் வஜீதாவிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாள்.